ஆதித்திருச்சபையில் வியாதிக்காரர் எல்லாரும் சுகமானார்களா?

வாசகர் கேள்வி, 3 மார்ச்

அப்போஸ்தலர் காலத்தில் ஜெபித்தால் சுகம். பேதுருவின் நிழல் பட்டாலே சுகம். இன்றைக்கு நாம் மருந்து, மாத்திரை, ஸ்கேன் என்று அலைகிறோம். அன்று விசுவாசம் இருந்தது, இன்று இல்லை. அவ்வளவுதானே? வேறு காரணம் இருந்தால் ஆதாரத்தோடு சொல்லுங்கள்.

4 மார்ச், இரவு

அவ்வளவுதான் இல்லை.

பேதுருவின் நிழலைப் பிடித்துக்கொண்டீர்கள் (அப். 5:15). துரோப்பீமுவை ஏன் விட்டுவிட்டீர்கள்? "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்" என்று 2 தீமோத்தேயு 4:20-ல் இருக்கிறது. ஆள் எபேசு ஊர்க்காரர், பவுலோடு ஊர் ஊராகப் போனவர். அதே எபேசுவில்தான் பவுலின் உறுமால்களையும் கச்சைகளையும் கொண்டுபோய்ப் போட்டதும் வியாதிகள் நீங்கின என்று அப். 19:12 சொல்கிறது. ஊருக்கெல்லாம் கிடைத்த உறுமால் கூடவே வந்தவருக்குக் கிடைக்கவில்லை.

தீமோத்தேயுவுக்கு வயிற்றுக் கோளாறு, அடிக்கடி பலவீனம். அவருக்கு எழுதப்பட்டது "இன்னும் விசுவாசி" என்றல்ல, கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்றுதான் (1 தீமோ. 5:23). எப்பாப்பிரோதீத்து மரணத்துக்குச் சமீபமாய் வியாதிப்பட்டுக் கிடந்து தேறினார். பவுலுக்கே மாம்சத்தில் ஒரு முள். மூன்று தரம் வேண்டிக்கொண்டார்; முள் போகவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது.

இந்த நாலு பேரில் ஒருவரையாவது விசுவாசம் குறைவு என்று யாராவது கடிந்துகொண்டார்களா, பாருங்கள்.

5 மார்ச்

"நீங்கள் யார், பாஸ்டரா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. மருந்துக்கடை வைத்திருக்கிறேன். சபைச் சரித்திரம் படிக்கிற கிறுக்கு உண்டு. திங்கட்கிழமை காலையில் கடை திறந்ததும், ஞாயிறு கூட்டத்தில் சுகம் கிடைத்துவிட்டது என்று பிரஷர் மாத்திரையைத் திருப்பிக் கொடுத்துக் காசு கேட்க ஆள் வரும். வெட்டின ஸ்ட்ரிப்பை எந்த ஏஜென்சியும் திரும்ப எடுக்காது. அதைச் சொன்னால் என்னை அவிசுவாசி என்கிறார்கள்.

இந்தக் கேள்விக்கு நான் இவ்வளவு வேகமாக வந்து விழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

7 மார்ச்

நாசரேத்தைக் கொண்டுவருவீர்கள் என்று எதிர்பார்த்தேன். வந்துவிட்டது. அங்கே இயேசுவால் சிலரைத் தவிர மற்றவர்களைச் சுகமாக்கக் கூடாமற்போயிற்று, அவர்கள் அவிசுவாசத்தைக் குறித்து ஆச்சரியப்பட்டார் (மாற்கு 6:5,6). இரண்டு குருடர்களிடம் "உங்கள் விசுவாசத்தின்படி உங்களுக்கு ஆகக்கடவது" என்றதும் உண்மை. லீஸ்திராவில் சப்பாணிக்கு விசுவாசம் உண்டென்று பவுல் கண்டதும் உண்மை (அப். 14:9). இந்த வசனங்களை நான் மறைக்கவில்லை. விசுவாசத்துக்கும் சுகத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பவர் சுவிசேஷத்தைப் பாதிதான் படித்திருக்கிறார்.

ஆனால் அந்த விசுவாசம் யாருடையது? கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரன் கதையில் தூக்கி வந்த நாலு பேருடைய விசுவாசத்தைக் கண்டு என்று இருக்கிறது. படுத்துக் கிடந்தவன் வாயே திறக்கவில்லை. பெதஸ்தா குளத்தருகே 38 வருஷம் கிடந்தவனுக்குத் தன்னைச் சுகமாக்கினவர் யார் என்றே தெரியாது (யோவான் 5:13). அலங்கார வாசலில் இருந்தவன் பேதுருவிடம் கேட்டது பிச்சை.

எனக்குப் பெரிதாகப் படுவது மாற்கு 9. பிள்ளையைக் கொண்டுவந்த தகப்பன் தன் அவிசுவாசத்தைக் கூட்டத்தின் நடுவே கத்திச் சொல்கிறான், பிள்ளை சுகமாகிறது. அங்கே தோற்றுப்போனவர்கள் சீஷர்கள். எங்களால் ஏன் கூடாமற்போயிற்று என்று அவர்கள் தனியாக வந்து கேட்டபோது, மத்தேயு 17:20-ன்படி கிடைத்த பதில்: உங்கள் அவிசுவாசத்தினால். ஜெபித்தவர்களுக்கு விழுந்த அடி அது. இன்றைக்கு அதே வசனத்தை மைக் பிடித்தவர் கட்டிலில் கிடப்பவரைப் பார்த்துச் சொல்கிறார்.

7 மார்ச், கொஞ்ச நேரம் கழித்து

மாற்கு 16:18 கேட்டவருக்கு: "வியாதியஸ்தர்மேல் கைகளை வைப்பார்கள்" வருகிற அந்தக் கடைசி 12 வசனங்கள், 4-ம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகள் இரண்டிலுமே இல்லை. அதற்காக அது நேற்று முளைத்ததும் அல்ல, சுமார் கி.பி. 180-ல் லியோன் பேராயர் இரேனியு அந்தப் பகுதியிலிருந்து மேற்கோள் காட்டுகிறார். வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதே வசனத்தில் சர்ப்பங்களை எடுப்பதும் சாவுக்கேதுவானதைக் குடிப்பதும் இருக்கிறது. அதற்காக யாரும் என் கடைக்கு வந்ததில்லை.

10 மார்ச்

வேதாகமத்துக்கு வெளியே ஏதாவது இருக்கிறதா என்ற கேள்வி. நிறைய இருக்கிறது.

குவாத்ராத்து என்பவர் ஹாட்ரியன் சக்கரவர்த்திக்கு, சுமார் 125-ல், கிறிஸ்தவர்களுக்காக ஒரு நியாய விளக்கம் எழுதினார். யூசேபியு எழுதிய சபைச் சரித்திரத்தில் ஒரு துண்டுதான் மிஞ்சியிருக்கிறது. இரட்சகரால் சுகமானவர்களில் சிலர் நம் நாள் வரைக்கும் உயிரோடிருந்தார்கள் என்கிறது அந்தத் துண்டு. 150-களில் ரோமாபுரியில் யுஸ்தீனு என்ற கிறிஸ்தவ ஆசிரியர், மற்ற மந்திரக்காரரும் மருந்து கொடுப்பவர்களும் கைவிட்ட பேய்பிடித்தவர்களை எங்கள் ஆட்கள் இயேசுவின் நாமத்தில் விடுவிக்கிறார்கள் என்று செனட்டுக்கே எழுதுகிறார். லியோன் நகரத்து இரேனியு கைகளை வைத்துச் சுகமாக்குகிறவர்கள் தன் காலத்துச் சபையில் உண்டு என்கிறார். உடனே ஒரு வரி சேர்க்கிறார்: இதற்காக யாரிடமும் எதுவும் வாங்குவதில்லை, இலவசமாய்ப் பெற்றதை இலவசமாய்க் கொடுக்கிறோம்.

அந்த வரி ஏன் அவருக்குத் தேவைப்பட்டது என்று யோசியுங்கள். அன்றைக்கு ஊரெல்லாம் சுகமளிக்கும் கடைகள். செல்சுஸ் என்ற தத்துவக்காரர் கிறிஸ்தவர்களைத் தாக்கி எழுதியபோது, இயேசு செய்தது சந்தையில் சில ஓபோல் காசுக்குப் பேய் ஓட்டி, வியாதியை ஊதித் தள்ளுகிற எகிப்திய வித்தைக்காரன் செய்வதுதானே என்று கேட்டார். கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன் சுமார் 248-ல் அதற்குப் பதில் எழுதும்போது அற்புதமே நடக்காது என்ற வாதம் இரண்டு பக்கத்திலும் இல்லை. சண்டை வேறு: யார் பெயரில், என்ன நோக்கத்தில், என்ன விலைக்கு.

விலை விஷயத்தில் அப்போஸ்தலர் 8-லேயே கோடு கிழித்தாயிற்று. மாயவித்தைக்காரன் சீமோன் வரத்தைப் பணம் கொடுத்து வாங்க வந்தபோது "உன் பணம் உன்னோடேகூட நாசமாய்ப்போகக்கடவது" என்றார் பேதுரு. அந்த வசனத்தைக் காணிக்கை எடுக்கும் நேரத்தில் யாராவது வாசித்தால் எனக்குத் தகவல் சொல்லுங்கள்.

11 மார்ச்

அஸ்கிளேப்பியஸ் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. கிரேக்கரின் வைத்தியத் தெய்வம். எப்பிதாவுரஸ் கோயிலில் வியாதிக்காரர்கள் இரவு படுத்துத் தூங்குவார்கள், கனவில் தெய்வம் வந்து குணமாக்கும். குணமான கதைகளைக் கி.மு. 4-ம் நூற்றாண்டில் கல்லில் வெட்டி வைத்தார்கள், கல் இன்றும் இருக்கிறது.

அதில் ஒரு கதை. ஆத்தேனே ஊரைச் சேர்ந்த அம்புரோசியா என்ற பெண்ணுக்கு ஒரு கண் தெரியாது. கோயிலைச் சுற்றி வந்து, கனவு கண்டால் நொண்டி நடப்பானாம், குருடன் பார்ப்பானாம் என்று கேலி செய்தாள். இரவு தெய்வம் கனவில் வந்தது. குணமாக்குகிறேன், ஆனால் உன் அறியாமைக்கு நினைவாக ஒரு வெள்ளிப் பன்றி செய்து வைக்க வேண்டும் என்றது. காலையில் கண் தெரிந்தது. விரல்கள் முடங்கிய இன்னொருவனும் நம்பாமல் வந்தான், விரல்கள் நீண்டன, "அவிசுவாசி" என்ற பெயரும் சேர்ந்து கிடைத்தது.

அஞ்ஞானக் கோயிலிலேயே நம்பாதவனுக்குச் சுகம் கொடுத்து ஒரு பன்றியோடு விட்டிருக்கிறார்கள்.

14 மார்ச்

கிண்டல் அதிகமாகிறது என்று ஒருவர் வருத்தப்பட்டிருந்தார். கிண்டலுக்குப் பின்னால் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

என் சித்திக்குச் சர்க்கரை. இன்சுலின் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒரு உபவாசக் கூட்டத்தில் ஊசியை நிறுத்துவதுதான் விசுவாசத்தின் முதல் அடி என்று கேட்டுவந்து நிறுத்திவிட்டார். எனக்குத் தெரியவந்தபோது காலில் புண் கறுத்திருந்தது. பெருவிரலை எடுத்தார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டார். பிறகு ஜெபிக்க வந்தவர், வீட்டில் அறிக்கையிடாத பாவம் ஏதோ இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அதுதான் அவரை உடைத்தது. "என் விசுவாசத்துல எங்கடா ஓட்டை?" என்று என்னிடம் கேட்டார். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து ஜெபிக்கிற மனுஷி. நான் என்ன சொல்ல?

"யார் செய்த பாவம், இவனா, இவன் பெற்றோரா?" என்ற கேள்விக்கு யோவான் 9-ல் இயேசு இருவருமல்ல என்று முடித்துவிட்டார். அதை வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டார். நம்பினாரா என்று தெரியாது.

16 மார்ச்

போன குறிப்பைப் பார்த்துவிட்டு, "அப்படியானால் சுகமே ஆகவில்லை என்கிறீர்களா, ஜெபமே வேண்டாமா?" என்று இரண்டு பக்கத்திலிருந்தும் பாய்ந்திருக்கிறீர்கள். நான் ஜெபிக்கிறவன். டாக்டர் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிய குழந்தை, இன்று என் கடைக்கு வந்து சாக்லேட் கேட்கிறது. காரணம் எனக்குத் தெரியாது, அந்தத் தாய்க்குத் தெரியும் என்கிறாள். அவளோடு நான் வாதாடப் போவதில்லை. என் வழக்கு சுகமானவர்களைப் பற்றியதல்ல, சுகமாகாதவர்களை என்ன சொல்கிறோம் என்பதைப் பற்றியது.

இதில் ஆதிச்சபைக்கு ஒரு பெரிய பரீட்சை வந்தது. 250-களில் ரோம சாம்ராஜ்யம் முழுக்க ஒரு கொள்ளைநோய். வயிற்றுப்போக்கு, தொண்டையில் எரிச்சல், இரத்தம் கட்டிய கண்கள். சிலருக்குக் கை கால் போயிற்று, சிலருக்குக் காது, சிலருக்குப் பார்வை. இவ்வளவும் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரப் பேராயர் சிப்ரியான் எழுதி வைத்தது. அவர் பெயரிலேயே அந்த நோயைச் சரித்திரக்காரர்கள் அழைக்கிறார்கள். 252 வாக்கில் சாவைக் குறித்து அவர் செய்த பிரசங்கம் இன்றும் இருக்கிறது. அதில் அவர் பதில் சொல்கிற கேள்வி: அஞ்ஞானிகளைப் போலவே நம் ஜனங்களும் இந்த நோயில் விழுகிறார்களே, அது ஏன்? சபையில் சிலருக்கு இது இடறலாக இருந்திருக்கிறது. அதாவது, இந்த இழையின் முதல் கேள்வி 252-லேயே கேட்கப்பட்டுவிட்டது.

சிப்ரியான் என்ன சொல்லியிருக்கலாம்? விசுவாசம் குறைந்தவர்கள்தான் சாகிறார்கள் என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். கைக்கெட்டிய பதில். அதை அவர் எடுக்கவில்லை. இந்த மாம்சத்தில் இருக்கிறவரை மழை பொய்த்தால் எல்லாருக்கும் பஞ்சம், கப்பல் மோதினால் ஏறியிருந்த எல்லாருக்கும் சேதம், கண்நோயும் காய்ச்சலும் எல்லாருக்கும் பொது என்றார். அதற்குமேல், இந்த நோய் ஒவ்வொருவர் மனதையும் சோதிக்கிறது என்றார்: திடமாக இருப்பவன் வியாதிக்காரனைப் பார்த்துக்கொள்கிறானா? வைத்தியன் நோயாளியைக் கைவிடாமல் இருக்கிறானா?

கேள்வியையே திருப்பிப் போடுகிறார். சோதிக்கப்படுகிறவன் படுத்துக் கிடப்பவன் அல்ல, பக்கத்தில் நிற்பவன்.

அதே கொள்ளைநோய்க் காலத்தில் அலெக்சந்திரியாவிலிருந்து பேராயர் தியோனீசியு எழுதிய கடிதத்தில், சகோதரர்களில் மிகச் சிறந்தவர்கள், மூப்பர்கள், டீக்கன்கள், சாதாரண விசுவாசிகள், வியாதிக்காரரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு அதே நோயில் செத்தார்கள் என்று வருகிறது. அந்தச் சாவை இரத்தசாட்சிக்குக் குறையாதது என்கிறார். சிறந்தவர்கள் செத்தார்கள். விசுவாசத்துக்கும் சுகத்துக்கும் நேர்க்கணக்குப் போட்டுப் பழகிய நமக்கு இந்த வாக்கியம் தொண்டையில் நிற்கும்.

17 மார்ச்

நேற்று எழுதியதில் ஒரு துணுக்கு விட்டுப்போயிற்று. 251-ல் ரோமாபுரிப் பேராயர் கொர்னேலியு தன் சபையின் ஆட்கணக்கை ஒரு கடிதத்தில் கொடுக்கிறார். மூப்பர்கள் 46, டீக்கன்கள் 7, உபடீக்கன்கள் 7, அக்கோலித்துகள் என்ற ஆராதனை உதவியாளர்கள் 42. பேய் ஓட்டுகிறவர்கள், வாசிக்கிறவர்கள், வாசல் காப்போர் சேர்ந்து 52. சபை போஷிக்கிற விதவைகளும் கஷ்டப்படுகிறவர்களும் 1,500-க்கு மேல்.

பேய் ஓட்ட ஆள் இருக்கிறது. சுகமளிக்கிறவர் என்று ஒரு பதவி அந்தப் பட்டியலில் இல்லை. ஏன் என்பதற்கு இப்போலித்துவின் பெயரில் வழங்குகிற அப்போஸ்தல பாரம்பரியம் என்ற பழைய சபை ஒழுங்கில் ஒரு விதி: எனக்குச் சுகமளிக்கும் வரம் வெளிப்பட்டிருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அவரைப் பதவியில் அமர்த்தக் கைகளை வைக்க வேண்டாம், அவர் சொல்வது உண்மையா என்பதைக் காரியமே காட்டும்.

அபிஷேகமும் இல்லை, போஸ்டரும் இல்லை. போய்ச் செய், பார்க்கிறோம். இவ்வளவு நிதானமான கமிட்டித் தீர்மானத்தை எங்கள் சேகரத்தில் நான் கண்டதில்லை.

21 மார்ச்

இப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு அண்ணன்: "அற்புதங்கள் அப்போஸ்தலரோடு முடிந்துவிட்டன, அகஸ்டீனே சொல்லியிருக்கிறார்." அண்ணே, சொன்னார், 390 வாக்கில். கண்ணால் காண்பதையே மனம் தேடிக்கொண்டிராதபடி அவை நம் காலம்வரை தொடர விடப்படவில்லை என்று எழுதினார். முப்பது வருஷத்துக்கும் மேல் கழித்து, கடவுளின் நகரம் என்ற தன் நூலின் 22-ம் புத்தகத்தில், அதே மனிதர் அற்புதங்களை அடுக்கிக்கொண்டே போகிறார். இடையில் என்ன நடந்தது? 415-ல் எருசலேம் பக்கத்தில் ஸ்தேவானுடையவை என்று எலும்புகள் கண்டெடுக்கப்பட்டு, ஒரு பகுதி ஆப்பிரிக்காவுக்கு வந்தது. அகஸ்டீன் பேராயராக இருந்த ஹிப்போ ஊரிலும் ஒரு நினைவிடம் எழுந்தது. இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, சுகமானவர்களின் சாட்சியை எழுதி வாங்கிய ஏடுகள் கிட்டத்தட்ட 70 சேர்ந்துவிட்டன என்கிறார். அவற்றைச் சபையில் வாசிக்கவும் வைத்தார்.

கதைகளில் இன்னொசென்சியு என்ற கார்த்தேஜ் வக்கீலின் கதைதான் எனக்குப் பிடித்தது, வைத்திய விவரம் அப்படி. ஆசனவாயில் பல பவுத்திரங்கள். ஒருமுறை கத்தி வைத்தாயிற்று. ஒன்று மட்டும் உள்ளே மறைந்து தப்பிவிட்டது. மருந்திலேயே சரியாகும் என்று இழுத்தடித்த வைத்தியர்கள் கடைசியில் மறுபடி அறுக்க வேண்டும் என்றார்கள். அலெக்சந்திரியாவிலிருந்து வந்த பெரிய அறுவை வைத்தியர், முன்னால் பார்த்தவர்கள் நன்றாகவே செய்திருக்கிறார்கள், முடிக்கிற பெருமையும் அவர்களுக்கே போகட்டும் என்று விலகிக்கொண்டார். (இரண்டாவது ஒப்பீனியன் கேட்கப் போனவர்களுக்கு இந்தப் பதில் பழக்கமாக இருக்கும்.) அறுப்பதற்கு முந்தின இரவு சபையார் வந்து ஜெபித்தார்கள். இன்னொசென்சியு தரையில் விழுந்து கதறினார். அகஸ்டீன் அந்த அறையில் இருந்தார். மற்றவர்கள் எப்படி ஜெபித்தார்கள் என்று தெரியாது, என்னால் ஜெபிக்கவே முடியவில்லை, "ஆண்டவரே, இதைக் கேட்காவிட்டால் உம்முடைய ஜனத்தின் எந்த ஜெபத்தைக் கேட்பீர்?" என்று மட்டும் உள்ளே சொன்னேன் என்கிறார். காலையில் கட்டை அவிழ்த்தால் ஆறிய தழும்பு.

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நான் கவனிப்பது, ஜெபிக்க முடியவில்லை என்று சொல்லத் துணிந்த சாட்சியை. விசுவாச வீரனாகத் தன்னைக் காட்டிக்கொள்ள அருமையான இடம், அங்கே போய் இதைச் சொல்கிறார்.

22 மார்ச்

அகஸ்டீன் பட்டியலில் எல்லாமே வியாதி இல்லை. புளோரென்சியு என்ற ஏழைத் தையல்காரர் மேலாடையைத் தொலைத்துவிட்டார், வாங்கக் காசில்லை. இருபது இரத்தசாட்சிகளின் கோயிலில் சத்தமாக ஜெபித்தார். அங்கிருந்த வாலிபர்கள், துணி வாங்க இரத்தசாட்சிகளிடம் காசு கேட்டவர் போலிருக்கிறது என்று பின்னாலேயே வந்து நக்கலடித்தார்கள். கடற்கரையில் ஒரு பெரிய மீன் துடித்துக்கொண்டு கிடந்தது. சமையற்காரர் ஒருவரிடம் விற்றார். மீனின் வயிற்றில் பொன் மோதிரம். சமையற்காரர் மோதிரத்தையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். எனக்கு அந்தச் சமையற்காரர்தான் அற்புதம்.

25 மார்ச்

"ஆதிச்சபை மருந்தை ஒதுக்கியது" என்கிறவருக்கு. ஒதுக்கச் சொன்னவர் இருந்தார். 2-ம் நூற்றாண்டில் தாத்தியான் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் மருந்துகளைப் பேய்களின் தந்திரத்தோடு சேர்த்துப் பேசினார். ஆனால் சபை போன வழி அதுவல்ல. லூக்காவை "பிரியமான வைத்தியன்" என்று அழைத்தவர் பவுல். வாழ்நாள் முழுக்கச் சீக்காளியாக இருந்த பேராயர் பேசில், வைத்தியமும் விவசாயத்தைப் போலக் கடவுள் தந்த கலைதான், ஆனால் நம்பிக்கை முழுவதையும் அதன்மேல் வைக்காதே என்று தன் துறவிகளுக்கு எழுதினார். எழுதியதோடு நிற்காமல் 370-களில் இன்றைய துருக்கியில் உள்ள செசரியா நகருக்கு வெளியே வியாதிக்காரருக்கும் ஏழைகளுக்கும் குஷ்டரோகிகளுக்கும் ஒரு பெரிய இல்லம் கட்டினார். அதை ஒரு புதிய நகரம் என்றார் அவருடைய நண்பர். ரோமாபுரியில் பபியோலா என்ற செல்வந்தப் பெண் சொத்தை விற்று ஆஸ்பத்திரி வைத்தார். மற்றவர்கள் பார்க்கவே கூசுகிற புண்களைத் தன் கையால் கழுவினார், நோயாளிகளைத் தோளில் சுமந்தார் என்று வேத அறிஞர் ஜெரோம் எழுதுகிறார்.

எல்லாரும் ஜெபத்தில் சுகமாகியிருந்தால் இந்தக் கட்டடங்கள் எதற்கு?

26 மார்ச்

மூப்பர்கள் வியாதிக்காரனுக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கட்டும் என்கிற யாக்கோபு 5:14-ல் அந்த எண்ணெய் மருந்தா, அடையாளமா என்பது கடைசியாக வந்த கேள்வி. ஒலிவ எண்ணெய் அன்றைக்கு இரண்டுமாக இருந்தது. நல்ல சமாரியன் காயத்தில் வார்த்ததும் எண்ணெயும் திராட்சரசமும்தான். வசனத்தில் கவனியுங்கள்: வியாதிக்காரன் செய்ய வேண்டிய ஒரே வேலை மூப்பர்களை வரவழைப்பது. "விசுவாசமுள்ள ஜெபம்" என்று அங்கே சொல்லியிருப்பது வந்த மூப்பர்களின் ஜெபத்தை.

சக்கரவர்த்தி செவெருவை எண்ணெயினால் குணமாக்கிய புரோக்குலு என்ற கிறிஸ்தவரைச் சாகும்வரை அரண்மனையிலேயே வைத்துக்கொண்டார்கள் என்று கார்த்தேஜ் நகரத்துக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் சுமார் 212-ல் எழுதுகிறார். 416-ல் ரோமாபுரிப் பேராயர் முதலாம் இன்னொசென்ட், பேராயர் ஆசீர்வதித்த எண்ணெயைக் குருமார் மட்டுமல்ல, எல்லா விசுவாசிகளும் தங்களுக்கும் வீட்டாருக்கும் பூசிக்கொள்ளலாம் என்று கடிதம் எழுதினார். வீட்டு அலமாரியில் இருந்த பொருள்.

என் கடையிலும் ஒலிவ எண்ணெய் இருக்கிறது, இன்சுலின் பெட்டிக்குப் பக்கத்து அலமாரியில். இரண்டையும் வாங்கிப் போகிறவர்கள் உண்டு; சித்தி இப்போது அவர்களில் ஒருவர். எனக்குத் தனியாக அனுப்பும் கேள்விகளை இங்கேயே போடுங்கள், இனிமேல் இரவு பத்துக்கு மேல்தான் பார்ப்பேன். மார்ச் கணக்கு முடிக்க வேண்டும்.